ஜப்பான் வாட்சுக்கு மவுசு. டயலைப் பார்த்து வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பான் வாட்ச் நேரம் தவறாது, கௌரவத்துக்குச் சுவிஸ்தான் என்று சேகரிப்பாளர்கள் பேசிவந்த காலம் போய்விட்டது. ஜப்பானின் செய்கோ நிறுவனத்துடைய உயர்ரக வாட்சான கிராண்ட் செய்கோ 1960 முதலே உண்டு. தனி பிராண்டாகப் பிரிந்தது 2017இல்தான். 2021இல் ஜெனீவாவில் ஆண்கள் வாட்சுக்கான பரிசையும் வாங்கிவிட்டது. அதன் ‘ஸ்பிரிங் டிரைவ்’ வகை மெஷினில் பேட்டரி கிடையாது. சுருள்வில்லின் விசையைக் குவார்ட்ஸ் படிகம் கட்டுப்படுத்துவதால் மாதத்துக்குச் சராசரியாக 15 விநாடிக்குள்தான் பிசகும்.

இந்த மதிப்பு இப்போது அப்பா, தாத்தா கட்டிய செய்கோ 5 வரை இறங்கிவந்திருக்கிறது. சேலத்திலும் தேடி வாங்குகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் தேவை கூடினால் ‘தயாரிப்பும்’ கூடும். பழைய மெஷினை எடுத்து, டயலுக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்து, ‘ஒரிஜினல், தேய்மானமே இல்லை’ என்று விற்கிறார்கள். பளபளக்கும் ஆரஞ்சு, கிளிப்பச்சை டயலைக் கண்டாலே சந்தேகப்படலாம்.

முதலில் பின்மூடியைப் பாருங்கள். ‘7009-’ என்பது போல் தொடங்கும் எண்ணில் முதல் நான்கு இலக்கம்தான் மெஷினின் எண். டயலில் 6 மணிக்குக் கீழே, விளிம்பையொட்டிப் பொடி எழுத்தில் அதே நான்கு இலக்கம் இருக்க வேண்டும். லென்ஸ் வைத்துப் பாருங்கள். பெயின்ட் அடித்த டயலில் அந்த வரி இருக்காது, இருந்தாலும் மங்கலாக இருக்கும். மூடியிலுள்ள ஆறு இலக்கத் தொடர் எண்ணில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண், இரண்டாவது மாதம். அக்டோபருக்கு 0, நவம்பருக்கு N, டிசம்பருக்கு D. ‘8N’ என்றால் 1978 அல்லது 1988 நவம்பர். எந்தப் பத்தாண்டு என்பதை மெஷின் எண்ணை வைத்துத்தான் சொல்ல முடியும். 7S26 மெஷின் 1996க்குப் பிறகே வந்தது. அதை எண்பதுகளின் வாட்ச் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்து சாவியை வெளியே இழுத்துப் பாருங்கள். 7009, 7S26 இரண்டிலும் விநாடி முள் நிற்காது, கையால் சாவி கொடுக்கவும் முடியாது (கட்டியிருக்கும் கையின் அசைவிலேயே சாவி ஏறும்). முள் நின்றால் உள்ளே வேறு மெஷின். முள்ளில் இருட்டில் ஒளிரும் பூச்சு இருந்து மணிக்கோடுகளில் இல்லையென்றால் டயலோ முள்ளோ மாற்றியதுதான்.

பெயின்ட் அடித்ததால் அழகு மட்டும் கெடுவதில்லை. பழைய வாட்சில் காய்ந்துபோன ரப்பர் வாஷர் ஈரக்காற்றை உள்ளே விடும். வெயிலிலிருந்து ஏற்காடு மலை ஏறும்போது கண்ணாடி குளிர்ந்து உட்புறம் நீர்த்துளி படியும். அந்த ஈரத்தில் மட்டமான பெயின்ட் உப்பி உதிரும்; துகள் பல்சக்கரத்தில் விழுந்தால் வாட்ச் நிற்கும். வாங்கியவுடன் ஆயில் சர்வீஸ் செய்து வாஷரை மாற்றிவிடுவது உத்தமம். பகலெல்லாம் கட்டியும் விடியும்முன் நின்றால் சுற்று ஏற்றும் லீவரின் நகங்கள் தேய்ந்திருக்கும், அல்லது சுருள்வில்லின் கிரீஸ் காய்ந்திருக்கும். திடீரென நாளுக்குப் பல நிமிடம் முந்தினால் அநேகமாகக் காந்தம். போன் கவரிலுள்ள காந்தமே போதும், நேரத்தைச் சீராக்கும் மெல்லிய ஹேர் ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். காந்தம் நீக்கும் கருவியில் சில விநாடி வேலை.

இன்னொன்று. கிராண்ட் செய்கோவின் பெருமையே, சுழலும் தகட்டில் கையால் பிடித்துத் தீட்டிய கத்திபோன்ற ஓரங்கள். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்குப் பஃப் போட்டு மெருகேற்றும் துணிச்சக்கரம் கொலுசுக்கே பொருந்தும். வாட்சை அதில் காட்டினால் கீறலோடு ஓரமும் மழுங்கிவிடும், பிறகு தேறாது. ஸ்பிரிங் டிரைவை நிறுவனத்தின் சர்வீஸ் மையம் தவிர வேறெங்கும் திறக்கக் கொடுக்காதீர்கள்.

டயலுக்குப் பெயின்ட் அடிப்பதை யாரும் குற்றம் சொல்லவில்லை. விற்பவர்கள் மெஷின் எண், தொடர் எண் இரண்டையும் ரசீதில் எழுதி, ‘டயல் புதுப்பித்தது’ என்று ஒரு வரி சேர்த்து, அதற்கேற்ற விலை சொல்லட்டும். ரசீது தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

– ஒரு வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்