ஆயிரத்துக்குக் கீழே: ஸ்பாட்டிஃபை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

ஸ்பாட்டிஃபை நிர்வாகத்தாருக்கு,

வணக்கம். மாதச் சந்தா ஒழுங்காகக் கட்டுகிற வாடிக்கையாளன் நான். நேற்றிரவு உங்களிடம்தான் ஒரு புதிய மெலோடிக் ஹார்ட்கோர் பங்க் (மெட்டும் வேகமும் கலந்த முரட்டு ராக் இசை) குழுவின் முதல் பதிவைக் கேட்டேன். ஐந்து பாட்டு, மொத்தம் ஒன்பதே நிமிடம். டிரம்ஸ் தலைதெறிக்க ஓடுகிறது, பாடகர் தொண்டை கிழியக் கத்துகிறார்; கிட்டார் மட்டும் அதற்கு மேலே ஒரு மெட்டை விடாமல் இழுத்துக்கொண்டு போகிறது. மூன்றாவது பாட்டின் கடைசியில் எல்லாரும் சேர்ந்து கத்தும்போது யாரோ ஒருவர் ஒரு நொடி முந்திவிடுகிறார். திருத்தாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். நல்ல வேளை.

கணினித் திரையில் ஐந்து பாட்டுக்கு நேரேயும் ஒரே குறி: ஆயிரத்துக்குக் கீழ். 2024 தொடக்கத்தில் நீங்கள் கொண்டுவந்த விதிப்படி, முந்தைய 12 மாதங்களில் 1,000 தடவை ஓடாத பாட்டின் பதிவுக்கு உரிமைத்தொகை கிடையாது. அந்தப் பங்கு ஆயிரத்தைத் தாண்டிய பாட்டுகளுக்குப் போய்விடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்தும் தலா 900 தடவை ஓடினால் மொத்தம் 4,500. கைக்கு வருவது பூஜ்யம். வேறொருவரின் ஒற்றைப் பாட்டு 1,000 ஓடினால் அவருக்குப் பணம் உண்டு. இது என்ன கணக்கு?

இத்தகைய பாட்டு ஒன்றுக்கு மாதம் சராசரியாக 0.03 டாலர்தான் சேர்கிறது, அதுவும் பெரும்பாலும் இசைத்தவர் கைக்குப் போய்ச் சேர்வதில்லை என்று விளக்கம் சொன்னீர்கள். சரி, சில்லறைதான். சில்லறை என்றால் அதைப் பிடுங்கி இன்னொருவருக்குக் கொடுப்பானேன்? (மழைச் சத்தத்தைத் துண்டு துண்டாக ஏற்றிக் காசு பார்த்தவர்களுக்கு, ஒவ்வொன்றும் குறைந்தது 2 நிமிடம் இருக்க வேண்டும் என்று வரம்பு வைத்தீர்களே, அதில் எனக்கு மறுப்பில்லை.)

இந்த இசை சின்னச் சின்ன இசைத்தட்டுகளில் வளர்ந்தது. 1981-ல் லாஸ் ஏஞ்சலஸில் பேட் ரிலிஜன் என்ற குழுவின் விடலைப் பையன்கள் ஆறு பாட்டை ஏழு அங்குலத் தட்டாகத் தாங்களே வெளியிட்டார்கள். அதற்காக அவர்களின் கிட்டார்காரர் பிரெட் குரேவிட்ஸ் தொடங்கியதுதான் எபிடாஃப் என்ற இசைத்தட்டு நிறுவனம். அதே எபிடாஃப் 1994-ல் வெளியிட்ட ஆஃப்ஸ்பிரிங் குழுவின் ஆல்பம் உலகெங்கும் ஒரு கோடிக்கு மேல் விற்றது. வாஷிங்டனில் டிஸ்கார்ட் என்ற இசைத்தட்டு நிறுவனத்தை நடத்தியவர்கள் தட்டின் உறைகளைத் தாங்களே உட்கார்ந்து கத்தரித்து, மடித்து, பசை ஒட்டினார்கள். அன்று முதல் தட்டு விற்றதுமே முதல் காசு கைக்கு வந்தது. ஆயிரமாவது தட்டு போகும்வரை கடைக்காரர் கல்லாவை மூடி வைக்கவில்லை.

பாட்டுக்குப் பாட்டு எண்ணாமல், ஐந்தும் சேர்ந்த பதிவை மொத்தமாக எண்ணுங்கள். அது முடியாதென்றால், அந்தச் சில்லறையை அவர்கள் பேரிலேயே எழுதி வைத்து, ஆயிரத்தைத் தொடும் நாளில் சேர்த்துக் கொடுங்கள். அறுந்த கிட்டார் கம்பிக்கு ஆகும்.

இப்படிக்கு,
மூன்றாவது பாட்டை மட்டும் நேற்று ஏழு தடவை ஓடவிட்டவன்