கடைசி 11 வினாடி

அன்புள்ள பாப்பா,

போனில் கூப்பிட்டால் "அப்புறம் பேசுறேம்மா" என்று வைத்துவிடுகிறாய். வாட்ஸப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரல் படம் வருகிறது. மூன்று வாரமாக உன்னிடமிருந்து எனக்கு வந்தது அந்தக் கட்டைவிரல் மட்டும்தான். அதனால்தான் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். முடிகிறபோது படி.

முதலில் கண். நேற்று ராத்திரி 3 மணிக்கும் உன் பெயருக்குக் கீழே 'ஆன்லைன்' என்று காட்டியது. அதற்கு முந்தின ராத்திரியும் அப்படித்தான். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தள்ளியிருக்கும் எதையாவது 20 வினாடி பார் என்று கண் டாக்டர் எனக்குச் சொன்னதை உன்னிடமும் சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா? திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் இமைப்பது குறைந்துபோகிறது, கண் காய்ந்து எரிகிறது. உனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியும். நான் 26 வருஷம் கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டியவள். ஊசியில் நூல் கோக்க வரவில்லை என்று ஒருநாள் தெரிந்தபோது எனக்கு 41 வயது. அதற்கப்புறம் நீதான் கோத்துக் கொடுத்தாய். பள்ளிக்கூடம் கிளம்பும் முன் பத்து ஊசியில் நூல் கோத்து, பஞ்சுத் திண்டில் வரிசையாகக் குத்திவைத்துவிட்டு ஓடுவாய். அந்தக் கண் பத்திரம் என்கிறேன், வேறொன்றும் இல்லை.

சித்தி வீட்டில் ஒரு நல்ல சேதி இருக்கிறது. தம்பியின் பரீட்சை பற்றியும் சொல்ல வேண்டும். அதற்கு முன் இன்னொன்று, இல்லையென்றால் மறந்துவிடும். செய்த வேலையை ஒரே இடத்தில் வைக்காதே. மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனத்தில், அதில் ஒன்றாவது வேறு ஊரிலோ வேறு வீட்டிலோ. இது தம்பி சொன்ன கணக்கு. நான் நல்ல வெட்டுக்கான மாதிரித் தாளை எப்போதும் இரண்டாக வெட்டி, ஒன்றை அலமாரியில் பூட்டி வைப்பேன், நீ பார்த்திருக்கிறாய். உன் மடிக்கணினியில் 'ஃபைனல்', 'ஃபைனல்-2', 'இதுதான் ஃபைனல்' என்று மூன்று கோப்பு இருந்ததை நான் மறக்கவில்லை. தேதி போட்டு வை. தேதி போட்டிருந்தால் எது முந்தியது, எது பிந்தியது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

உன் டிசைன் படிப்பு என்ன என்று யாராவது கேட்டால் முன்பெல்லாம் "கம்ப்யூட்டரில் படம் வரைகிற படிப்பு" என்று சொல்லிவிடுவேன். அது தப்பு என்று எனக்குத் தெரிந்தது, மூன்றாம் செமஸ்டரில் தையல்காரர்களுக்கான அந்த அளவுக் குறிப்புச் செயலியை நீ செய்தபோதுதான். ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே முக்கால்வாசிக்கு மேல் குறைகள் வெளியே வந்துவிடும் என்று, ஒரு பொருளைப் பயன்படுத்துவது எவ்வளவு எளிது என்று ஆராய்கிற ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதியதைச் சொல்லி, என்னை நான்காவது ஆளாக உட்காரவைத்தாய். மனதில் தோன்றுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லச் சொன்னாய். தோள் அளவைப் போட்டேன், கை நீளத்தைப் போட்டேன், சேமிக்கிற பொத்தானைக் காணோம். "எங்கேடி இருக்கு?" என்று கேட்டேன். நீ பதில் சொல்லவில்லை. திரும்பிப் பார்த்தேன், நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாய். எனக்குக் கோபம் வந்து எழுந்து போய்விட்டேன். பெற்ற பிள்ளை, அம்மா தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறாளே என்று.

ராத்திரி நீ வந்து சொன்னாய், சோதிக்கிறபோது பக்கத்தில் இருந்து கைகாட்டிவிட்டால் சோதனையே வீண், தடுமாறுகிற இடம்தான் உனக்கு வேண்டியது என்று. கறுப்புப் பின்னணியில் சாம்பல் நிற எழுத்து எனக்குத் தெரியவில்லை என்றேன். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வித்தியாசம் குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும், அழகாக இருக்கிறது என்று அதை விட்டுவிட்டேன் என்று நீயே சொன்னாய். இரண்டாவது முறை கொண்டுவந்தபோது பொத்தான் என் கட்டைவிரல் போய் விழுகிற இடத்தில், விரல் வைக்கத் தாராளமான அளவில் இருந்தது. அளவெடுக்கும் டேப்பை இடது கையில் பிடித்துக்கொண்டே வலது கையால் தட்ட முடிந்தது. யாரும் எனக்காக ஒரு பொருளை அப்படி அளவெடுத்துச் செய்ததில்லை, பாப்பா. அந்த வாரம் துணி கொடுக்க வந்த எல்லோரிடமும் காட்டினேன். உன் அறிக்கையில் என்னைப் 'பயனர் 4' என்று போட்டிருந்ததில் கொஞ்சம் வருத்தம்தான். சோதனைக்கு வந்தவர்களின் பெயரைப் போடக் கூடாது என்று நீ விளக்கினாய், சரி.

ஆனால் இந்தக் கடைசி வேலையை மட்டும் நீ எனக்கு முழுதாகக் காட்டவில்லை. வாத்தியார்கள் உட்கார்ந்து வேலையை மதிப்பிடுகிற அந்த ஜூரிக்கு முன்னும் காட்டவில்லை, பின்னும் காட்டவில்லை. கண்காட்சிக்கு எங்களைக் கூப்பிடவும் இல்லை. மற்ற பிள்ளைகளின் பெற்றோர் போயிருப்பார்கள். நான் என்ன செய்தேன் என்று இரண்டு வாரம் மனதுக்குள் உன்னிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

வெட்டி மிஞ்சிய துணித்துண்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு பெண்ணாகி நடக்கிற படம் என்று ஆரம்பத்தில் சொன்னாய். காட்சிகளை வரிசையாக வரைந்த ஸ்டோரிபோர்டைத் தரையில் பரப்பி வைத்தாய், நான் மிதித்துவிட்டேன் என்று கத்தினாய். லோட்டே ரைனிகர் என்ற ஜெர்மன் பெண்மணி கத்தரியால் கறுப்புத் தாளை வெட்டி, உருவங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, 1923இல் தொடங்கி மூன்று வருஷம் உட்கார்ந்து ஒரு முழுநீளப் படம் எடுத்ததைச் சொன்னது அன்றைக்குத்தான். இன்று மிஞ்சியிருக்கும் முழுநீள அனிமேஷன் படங்களில் அதுதான் மிகப் பழையது என்றாய். அவர் வெட்டுகிற வீடியோவையும் போட்டுக் காட்டினாய். கத்தரியை அசைக்காமல் தாளைத்தான் திருப்பினார். நானும் வளைவை அப்படித்தான் வெட்டுவேன் என்று சொன்னேன். உடனே என் கையைப் படம் எடுத்துக்கொண்டாய். உன் படத்தில் வருகிற கத்தரி என்னுடையது என்று தெரியும். எனக்கு எப்படி இருந்தது என்று அப்போது சொல்லவில்லை. மெஷினில் நூல் சிக்கியிருக்கிறது என்று எழுந்து போய்விட்டேன்.

தூங்குகிறாயா? இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். கண் எரிந்தால் தண்ணீர் அடித்துவிட்டு மறுபடி உட்காராதே, படுத்துவிடு.

சரி, சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி வாய் தவறிச் சொல்லிவிட்டான். அவனைத் திட்டாதே, நான்தான் குடைந்து குடைந்து கேட்டேன். உன் படம் 40 வினாடி. ஒரு வினாடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனிப் படம். ஆகமொத்தம் 960. துணியின் நெசவும் அதன் மேல் விழுகிற வெளிச்சமும் நிழலும் சரியாக வர, ஒவ்வொரு பிரேமையும் கணினி கணக்குப் போட்டு எடுக்க 4 நிமிடம். அதற்குப் பெயர்தான் ரெண்டராம். பிளெண்டர் என்கிற அந்த மென்பொருள் இலவசம்தான், ஆனால் நேரம் இலவசம் இல்லை என்றான். நான் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் பெருக்கிப் பார்த்தேன். 3,840 நிமிடம். 64 மணி நேரம். இரண்டு பகல், இரண்டு இரவு, அதற்கு மேலும் 16 மணி நேரம். அந்த நேரத்தில் அதே மடிக்கணினியில் வேறு கனமான வேலை எதுவும் செய்ய முடியாது.

நீ வெள்ளி மதியமே ஓடவிட்டிருக்கிறாய். திங்கள் காலை ஜூரி. கணக்கு சரியாகத்தான் போட்டிருக்கிறாய், கொஞ்சம் நேரம் மிச்சமும் வைத்திருக்கிறாய்.

அன்றைக்கு மாலை 6 மணிக்கு நான் போன் செய்தேன்.

பெரிய மாமாவின் பணி ஓய்வு விழா. "பாப்பா ஒரு வீடியோ பண்ணிக் கொடுத்துடுவா, அவளுக்கு அஞ்சு நிமிஷ வேலை" என்று உன்னைக் கேட்காமலே மாமாவிடம் சொல்லிவிட்டு, அப்புறம் உனக்குச் சொன்னேன். 140 போட்டோவை வாட்ஸப்பில் தள்ளிவிட்டேன். நீ "அம்மா, ரெண்டர் ஓடிக்கிட்டிருக்கு" என்றாய். அது என்ன என்றுகூட நான் கேட்கவில்லை. மாமா பாட்டை மாற்றச் சொன்னார், பெயரைப் பெரிதாக்கச் சொன்னார், இரண்டு போட்டோவை எடுக்கச் சொன்னார், ஒன்றைத் திரும்ப வைக்கச் சொன்னார். எல்லாவற்றையும் நான்தான் உனக்குச் சொன்னேன், ஒவ்வொன்றாக, ராத்திரி முழுவதும். சனிக்கிழமை மதியம் நீ அனுப்பிவைத்தாய்.

ஜூரியில் கடைசி 11 வினாடி வெறும் சாம்பல் நிற உருவங்களாக, துணியும் இல்லாமல் வெளிச்சமும் இல்லாமல் ஓடியதாம். 11 வினாடிக்கு 264 பிரேம். 17 மணி 36 நிமிடம். அதை மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். நான் உன்னிடமிருந்து எடுத்துக்கொண்ட நேரம் ஏறக்குறைய அதே அளவுதான். ஏன் முடிக்கவில்லை என்று அவர்கள் கேட்டதற்கு, "நேரத்தைச் சரியாகத் திட்டமிடவில்லை" என்று நீ சொன்னதாகத் தம்பி சொன்னான்.

நீயாவது முடியாது என்று சொல்லியிருக்கலாமே என்று ஒரு நாள் முழுக்க நினைத்தேன். அப்புறம் யோசித்தேன், அந்தச் சொல்லை நீ யாரிடம் கற்றிருப்பாய்? என்னிடம் அது இருந்ததே இல்லை. "நம்ம வீட்டுத் துணிதானே, சும்மா ஒரு தையல் போட்டுக் கொடு" என்று வந்தவர்களுக்கெல்லாம், வாடிக்கையாளர் துணியை ஒதுக்கிவைத்துவிட்டுத் தைத்துக் கொடுத்தவள் நான். அந்த ஒரு தையலைப் போட நூல் மாற்ற வேண்டும், ஊசி மாற்ற வேண்டும், பழையதைப் பிரிக்க வேண்டும் என்பது எவருக்கும் தெரியாது. ராத்திரி அப்பாவிடம் புலம்புவேன், நீ பாயில் படுத்துக்கொண்டு கேட்டிருப்பாய். அது எவ்வளவு வலிக்கும் என்று தெரிந்தவள்தான் உனக்கு அதையே செய்தேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை நீ மறந்திருக்க மாட்டாய். அந்த வெள்ளிக்கிழமை நீ தயங்கியபோது நான் சொன்னேன்: "உன் படத்தை நாலு வாத்தியார் பார்ப்பாங்க. மாமாவோடதை நூறு பேர் பார்ப்பாங்க." விழாவில் எல்லோரும் கைதட்டினார்கள், நான் எழுந்து நின்று வாங்கிக்கொண்டேன். ஜூரி அன்றைக்குக் காலையில் உனக்கு ஒரு வார்த்தை போன் செய்யவில்லை. விருந்தாளிகளைக் கவனித்துக்கொண்டிருந்தேன். உன் கையிலிருந்து வந்த வேலையை இவ்வளவு பிடிக்கும் எனக்கு, ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்னும் தெரியவில்லை. சொன்னேன். அது தப்பு. மன்னித்துக்கொள் பாப்பா.

மாமாவிடம் நடந்ததைச் சொல்லிவிட்டேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. உனக்கு அவரே எழுதுவார், பதில் போட வேண்டிய கட்டாயம் உனக்கு இல்லை. நேற்றும் ஒரு போன் வந்தது, அழைப்பிதழ் ஒன்று நீ செய்து தர வேண்டுமாம். அவளிடம் நேரம் கேட்டுத்தான் சொல்ல முடியும், வேலை தொடங்கும் முன் பாதிப் பணம் அட்வான்ஸ், இரண்டு தடவைக்கு மேல் திருத்தம் கேட்டால் தனியாகக் காசு என்று சொன்னேன். சொல்லிவிட்டு எனக்குக் கை நடுங்கியது. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

செய்த வேலைகளைச் சேர்த்துக் காட்டுகிற போர்ட்ஃபோலியோவில் போடுவதற்காவது அந்தப் 11 வினாடியை நீ மறுபடி ஓடவிட வேண்டும் என்கிறான் தம்பி. ஒவ்வொரு பிரேமையும் தனித்தனிப் படமாக எடுத்து வைத்திருக்கிறாயாம், அதனால் நின்ற இடத்திலிருந்தே தொடரலாமாம். லீவுக்கு இங்கே வா. ஜன்னல் ஓரத்து மேசையிலிருந்து மெஷினை இறக்கி வைத்துவிட்டேன், காற்று வருகிற இடம், கணினி சூடாகாது. 17 மணி 36 நிமிடம் யாரும் உன் கணினியைத் தொட மாட்டார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து துணியைக் கையால் தைத்துக்கொண்டிருப்பேன். ஊசியில் நூல் மட்டும் நீ கோத்துக் கொடுக்க வேண்டும்.

அந்தத் துணிப் பெண் கடைசியில் திரும்பிப் பார்க்கிறாளா, இல்லை நேரே போய்விடுகிறாளா? தம்பியிடம் கேட்டேன், அக்கா சொல்லக் கூடாது என்றிருக்கிறாள் என்றான். நீயும் சொல்லாதே. வந்து காட்டு.

சித்தி வீட்டுச் சேதியை எழுத இடமே இல்லாமல் போய்விட்டது.

அம்மா