உறுப்பினர் அட்டை எந்த விமானத்தில் செல்லுபடியாகும் என்று டிக்கெட்டிலேயே அச்சிடுங்கள்

விமான நிறுவனத்தின் அடிக்கடிப் பயணிப்போர் திட்டப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

“வாழ்த்துகள்! வெள்ளி நிலை உறுப்பினராகத் தங்களை வரவேற்பதில் பெருமகிழ்ச்சி அடைகிறோம்” என்று தாங்கள் அனுப்பிய மின்னஞ்சல் கிடைத்தது. அதற்கு முந்தைய நாள் வரை நான் தங்க நிலையில் இருந்தவன். பதவி இறக்கத்துக்கு வாழ்த்துச் சொல்லும் வழக்கத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. தங்கள் பண்பாட்டை மெச்சுகிறேன். அடுத்த ஆண்டு அதையும் பறித்தால் மாலை மரியாதை உண்டா என்பதையும் தெரிவித்துவிட்டால் நல்லது.

கேலி இருக்கட்டும். ஒரே ஒரு வேண்டுகோளுக்காகத்தான் இந்த மடல். பணம் கட்டும் பொத்தானை அழுத்துவதற்கு முன்பு, பயணத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் எதிரே மூன்று செய்திகளைக் காட்டுங்கள்: அந்த விமானத்தை இயக்குவது யார், அதில் என் உறுப்பினர் அட்டை செல்லுபடியாகுமா, என் நிலையைத் தீர்மானிக்கும் தகுதிப் புள்ளிகள் அந்தக் கட்டத்துக்கு எத்தனை சேரும். பிறகு அதையே டிக்கெட்டிலும் அச்சிடுங்கள்.

நான் திருவெறும்பூர்க்காரன். கொதிகலன் வேலை எங்கள் வட்டாரத்தின் வேலை. வளைகுடாவிலும் தென்கிழக்காசியாவிலும் ஏதாவதொரு மின்நிலையத்தில் ஷட்டவுன் எடுத்துக் கொதிகலனைத் திறந்தார்கள் என்றால், இரண்டு நாளில் என்னை விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். டிக்கெட் எடுப்பது நிறுவனம். உட்காருவது எகானமி வகுப்பில், பெரும்பாலும் நடு இருக்கையில். இப்படிப் பறந்து பறந்து சேர்ந்ததுதான் அந்தத் தங்க அட்டை. அதை வைத்துக்கொண்டு நான் ஷாம்பெயின் குடிக்கவில்லை. கருவிப் பெட்டிக்கும் பாதுகாப்புக் காலணிக்கும் கூடுதல் எடை கிடைத்தது. இரண்டு விமானங்களுக்கு நடுவே விமான நிலைய ஓய்வறையான லவுஞ்சில் குளிக்க முடிந்தது. விமானம் ரத்தானால் மாற்று இருக்கைக்கான வரிசையில் முன்னால் நிற்க முடிந்தது. இந்த மூன்றாவதன் அருமை, ஒரு முறையாவது முந்நூறு பேருக்குப் பின்னால் நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

சென்ற ஆண்டு என் தங்கையின் பிரசவத்துக்காக அம்மாவை ஜெர்மனிக்கு அழைத்துப் போனேன். அந்த டிக்கெட்டுகளை என் கைப்பணத்தில் எடுத்தேன். இதைவிட மலிவாக வேறு நிறுவனங்களில் கிடைத்தது. அட்டை இருக்கிறதே, அம்மாவுக்கு வசதியாக இருக்குமே என்றுதான் தங்களிடம் வந்தேன். தங்கள் திட்டத்தின் நோக்கமே அதுதானே?

போகும்போது ஒரு குறையும் இல்லை. திருச்சியிலிருந்து தங்கள் தலைமை நிலையம் வரை சிறிய விமானம். அங்கிருந்து பிராங்பர்ட்டுக்குப் பெரிய விமானம். இடையில் லவுஞ்சில் அம்மாவை விருந்தினராக அழைத்துச் சென்றேன். சர்க்கரை மாத்திரை போடுவதற்கு முன்பு அவருக்குச் சூடாக ஏதாவது சாப்பிட வேண்டும். அங்கே சோறும் பருப்பும் இருந்தன. காலை நீட்டிப் படுக்க ஓர் இடமும் கிடைத்தது. “நல்லபடியாக வைத்திருக்கிறார்கள் தம்பி” என்று தங்களைப் பாராட்டவும் செய்தார். அந்தப் பாராட்டை அப்போதே தங்களுக்கு எழுதி அனுப்பினேன்.

திரும்பி வரும்போதும் அதே கதவு, அதே அட்டை, அதே இரண்டு பேர். முன்பே பார்த்த இடம் என்பதால், முட்டி வலியோடும் அம்மா எனக்கு முன்னால் நடந்து போய் வாசலில் நின்றார். வரவேற்பில் இருந்த பெண் போர்டிங் பாஸை வைத்துப் பார்த்தார்; சிவப்பு விளக்கு எரிந்தது. இன்னொரு முறை வைத்துப் பார்த்தார். பிறகு மிகுந்த சங்கடத்துடன் விளக்கினார்: லவுஞ்ச் அனுமதி அடுத்து ஏறப்போகும் விமானத்தைப் பொறுத்தது. எங்கள் அடுத்த விமானத்தை இயக்குவது தங்களின் குறைந்த கட்டணத் துணை நிறுவனம். தாங்கள் சேர்ந்திருக்கும் விமான நிறுவனக் கூட்டமைப்பில் அது உறுப்பினர் இல்லை. ஆகவே அனுமதி இல்லை. அந்தப் பெண் மீது எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. வெந்நீரும் இரண்டு பிஸ்கட் பொட்டலங்களும் கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்தவர் அவர்தான்.

“போகும்போது செல்லுபடியான அட்டை வரும்போது செல்லாதா?” என்று அம்மா கேட்டார். பதில் தங்களிடம்தான் இருக்கிறது. விமான எண்ணின் முன்னெழுத்துகள் தங்களுடையவை. டிக்கெட்டின் தலைப்பில் இருப்பது தங்கள் சின்னம். பணம் போனது தங்கள் கணக்குக்கு. பொறுப்பு மட்டும் இன்னொருவருடையது. அந்த இரவு விமானம் தாமதமானது. வீங்கிய காலோடு அம்மா விடியும் வரை இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கைப்பிடி வைத்த நாற்காலிகள் அவை; படுக்க முடியாது. இதை முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால், இணைப்பு நேரம் குறைவான வேறு டிக்கெட்டை எடுத்திருப்பேன். இல்லாவிட்டால் ஓர் இரவுக்கு அறை எடுத்திருப்பேன். எனக்கு மறுக்கப்பட்டது லவுஞ்ச் மட்டும் என்று தாங்கள் நினைக்கக் கூடாது. முன்பே தெரிந்திருந்தால் வேறு முடிவு எடுக்கும் வாய்ப்பும் சேர்ந்தே போயிற்று.

புகார் எழுதினேன். திட்ட நிபந்தனைகளைப் படித்துப் பார்க்குமாறு பதில் வந்தது. படித்தேன். துணை நிறுவனம் பற்றிய வரி அதில் உண்மையிலேயே இருக்கிறது, ஒரு கிணற்றின் ஆழத்தில். எங்கள் மாநில ரேஷன் அட்டையில் கூட அது எந்தக் கடையில் செல்லும் என்று கடை எண் அச்சிட்டிருக்கிறது. தங்க அட்டைக்கு அந்த மரியாதை கூடாதா?

இது நடவாத காரியம் என்று தாங்கள் சொல்ல முடியாது. விமானத்தை உண்மையில் இயக்கும் நிறுவனம் எது என்பதைப் பயணிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005ஆம் ஆண்டு விதி (எண் 2111) சொல்கிறது. அதனால்தான் பிராங்பர்ட்டிலிருந்து புறப்பட்ட எங்கள் டிக்கெட்டிலும் துணை நிறுவனத்தின் பெயர் சிற்றெழுத்தில் இருந்தது. பெயரைப் போடத் தெரிந்த கணினிக்கு, அதன் பக்கத்தில் ‘அட்டை செல்லாது’ என்று இரண்டு சொல் போடத் தெரியாதா? லவுஞ்ச் வாசலில் ஒரே நொடியில் சிவப்பு விளக்கு எரியவிட்ட அதே கணினிதானே?

இனி புள்ளிக் கணக்கு. அது தங்களுக்குத் தலைகீழ்ப் பாடம். என்னைப் போன்ற பெரும்பாலான உறுப்பினர்களுக்கோ, தங்கள் திட்டத்தில் இரண்டு கணக்குகள் ஓடுகின்றன என்பதே பல வருடங்கள் கழித்துத்தான் தெரிகிறது. கொடுத்து டிக்கெட் வாங்கிக்கொள்ளும் மைல்கள் ஒரு கணக்கு. நிலையைத் தீர்மானிக்கும் தகுதிப் புள்ளிகள் இன்னொரு கணக்கு. முதல் கணக்கில் லட்சம் மைல்கள் குவிந்து கிடந்தாலும் இரண்டாவது கணக்கு வறண்டு போகலாம். ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டு இறங்கும் இரண்டு பேருக்கும் ஒரே புள்ளி கிடைக்காது. டிக்கெட்டில் எங்கோ ஒளிந்திருக்கும் கட்டண வகுப்பின் ஓர் எழுத்து அதை முடிவு செய்கிறது. மலிவான எழுத்தாக இருந்தால் கால் பங்கு கிடைக்கலாம். சில எழுத்துகளுக்கு ஒன்றுமே இல்லை. அம்மாவோடு போய்வந்த பயணத்தில், திருச்சிக்கும் தங்கள் தலைமை நிலையத்துக்கும் இடையே துணை நிறுவனம் இயக்கிய இரண்டு கட்டங்களுக்கும் எனக்குச் சேர்ந்த தகுதிப் புள்ளி பூஜ்யம். தங்க நிலையைத் தக்கவைக்க எனக்குப் போதாமல் போனது அந்தப் புள்ளிகள்தான்.

போதாததற்கு, பறந்த தூரத்தை விட்டுவிட்டுச் செலவழித்த தொகையைக் கணக்கில் எடுக்கும் முறைக்கு மாறியிருக்கிறீர்கள். பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2025 ஏப்ரலில் அப்படி மாறியது. ஒரு பவுண்டுக்கு ஒரு புள்ளி, தங்க நிலைக்கு ஓராண்டில் 20,000 புள்ளி. அது அவர்கள் வியாபாரம், தங்களுடையது தங்கள் வியாபாரம். குறுக்கே விழ நான் யார்? ஆனால் நிறுவனங்களுக்கென்று ஒப்பந்தக் கட்டணத்தில் தரும் டிக்கெட்டுகள் பலவற்றில் தொகையே அச்சிடப்படுவதில்லை. பயணிக்குத் தெரியாத தொகையை வைத்து, பயணி சரிபார்க்க முடியாத புள்ளியைத் தருகிறீர்கள். அந்தப் புள்ளி குறைந்துவிட்டது என்று நிலையை இறக்குகிறீர்கள். பிறகு வாழ்த்தும் சொல்கிறீர்கள்.

இந்தத் தொழில் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று சில நேரம் வியப்பாக இருக்கிறது. 1981 மே மாதத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் மைல் திட்டத்தைத் தொடங்கியபோது, அடிக்கடி வருகிறவரைத் தக்கவைப்பதுதான் எண்ணம். 2020இல் கொரோனாவால் விமானங்கள் தரையில் கிடந்தபோது, யுனைடெட் நிறுவனம் தன் மைல் திட்டத்தையே அடமானமாகக் காட்டி 680 கோடி டாலர் கடன் திரட்டியது. நம் நாட்டில் ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று பறப்பதை நிறுத்தியது. அதன் மைல் திட்டமோ தனி நிறுவனமாக இருந்ததால் பெயரை மாற்றிக்கொண்டு பிழைத்தது. விமானம் இல்லாமலேயே மைல் விற்க முடிகிறது என்றால், விமானத்தில் ஏறுகிறவன் தொந்தரவாகத் தெரிவதில் வியப்பில்லை. சரி, இதைப் பேசினால் பேசிக்கொண்டே போகலாம்.

தொந்தரவு என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவில் கின்ஸ்பெர்க் என்ற யூத மதகுரு நார்த்வெஸ்ட் விமான நிறுவனத்தின் உயர்நிலை உறுப்பினராக இருந்தார். எட்டு மாதங்களில் 24 புகார் கொடுத்தார் என்று சொல்லி, 2008இல் அவருடைய உறுப்பினர் தகுதியையே நீக்கிவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2014 ஏப்ரலில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தார்கள். ‘நல்லெண்ணத்துடன் நடந்துகொள்ளவில்லை’ என்ற அவருடைய வாதத்துக்கு 1978ஆம் ஆண்டு விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு நீக்கச் சட்டம் இடம் தரவில்லை. ஒப்பந்தத்தில் வெளிப்படையாக எழுதியதை மீறினால் கேட்கலாம் என்று அதே நீதிமன்றம் 1995இலேயே சொல்லியிருக்கிறது. தங்கள் ஒப்பந்தத்திலோ, எதையும் எப்போதும் தங்கள் விருப்பப்படி மாற்றலாம் என்றுதான் வெளிப்படையாக எழுதியிருக்கிறது! அந்தச் சட்டம் அமெரிக்காவோடு நிற்கட்டும். அந்த வாசகம் பல நாட்டுத் திட்டங்களிலும் இருக்கிறது. அதனால்தான் டிக்கெட்டிலேயே அச்சிடுங்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறேன். நிபந்தனைப் பக்கத்தைத் தாங்கள் ஓர் இரவில் மாற்றலாம். நான் காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்டில் அச்சான வரியை மாற்ற முடியாது. இது என் எத்தனையாவது புகார் என்று யாரும் எண்ண வேண்டாம் என்றும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

முடிவை மாற்றிக்கொள்வது இழுக்கு என்று தாங்கள் கருத வேண்டியதில்லை. 2023 செப்டம்பரில் டெல்டா நிறுவனம் தன் நிலைகளுக்கான செலவு வரம்பை உயர்த்தியது. உறுப்பினர்கள் கொதித்தெழுந்தார்கள். அளவு மீறிவிட்டோம் என்று அதன் தலைவர் எட் பாஸ்டியனே ஒப்புக்கொண்டார். அடுத்த மாதமே உச்ச நிலைக்கான வரம்பு 35,000 டாலரிலிருந்து 28,000 டாலராகக் குறைந்தது. நான் வரம்பைக் குறைக்கச் சொல்லவில்லை. என் தங்க நிலையைத் திருப்பித் தருமாறும் கேட்கவில்லை. தந்தால் வேண்டாம் என்று சொல்லப் போவதுமில்லை.

திருச்சி, மதுரை போன்ற ஊர்களுக்கு வெளிநாட்டிலிருந்து வருவது பெரும்பாலும் குறைந்த கட்டண விமானங்கள்தான். பெரிய நிறுவனத்தின் பெயரில் டிக்கெட் வாங்கிக் கடைசிக் கட்டத்தில் துணை நிறுவனத்தில் ஏறுகிறவர்கள் எங்களில் நிறையப் பேர். இந்தக் குழப்பம் தலைநகர் விமான நிலையங்களில் இறங்குகிறவர்களுக்கு அவ்வளவாகப் புரியாது. தங்கள் அலுவலகத்திலும் அது எத்தனை பேருக்குப் புரியும் என்று தெரியவில்லை. ஆகவே இன்னொரு முறை, தெளிவாக: பணம் கட்டுவதற்கு முன்பே, ஒவ்வொரு கட்டத்துக்கும் எதிரே, இயக்குவது யார், அட்டை செல்லுமா, தகுதிப் புள்ளி எத்தனை. அச்சிட்டுத் தாருங்கள்.

குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு அம்மாவை மறுபடியும் அழைத்துப் போக வேண்டியிருக்கிறது. தை பிறந்ததும் டிக்கெட் எடுப்பேன். அதற்குள் இந்த வசதியைச் செய்துவிட்டால் நன்றியுடையவனாக இருப்பேன். செய்ய இயலாது என்றால் அதற்கான காரணத்தையும், எங்கள் பயணத்தில் எந்தெந்தக் கட்டத்தில் அட்டை செல்லாது என்பதையும் என் பதிவு செய்த முகவரிக்கு எழுத்தில் அனுப்பிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
திருவெறும்பூரிலிருந்து தங்கள் வெள்ளி நிலை உறுப்பினர்