ஒரே வகுப்பறையில் இரண்டு ஆசிரியர்கள்

அன்புள்ள தோழிக்கு,

நலம்தானே? உன் மூன்றாம் வகுப்புக்கு இன்னொரு ஆசிரியையும் வந்துவிட்டார் என்று படித்ததும் மனசு நிறைந்தது. கணக்குப் பாடத்தை இருவரும் எப்படிப் பகிர்ந்துகொள்வது என்று கேட்டிருந்தாய்.

ஒருவர் நடத்த, மற்றவர் வரிசைக்கு நடுவே நடந்து நோட்டைப் பார்ப்பது முதலில் எல்லோருக்கும் தோன்றும் வழி. தயாரிப்பே தேவையில்லாததால் அதுவே நிலைத்தும் விடும். யார் டீச்சர், யார் உதவிக்கு வந்தவர் என்று பிள்ளைகள் சீக்கிரமே முடிவு கட்டிவிடுவார்கள். இணைந்து கற்பித்தல் பற்றி நிறைய எழுதிய அமெரிக்கப் பேராசிரியை மெரிலின் ஃப்ரெண்டும் இதை அரிதாகவே கையாளச் சொல்கிறார்.

கழித்தலுக்கு நிலைய முறை நல்லது: வகுப்பில் மூன்று இடங்கள், ஒவ்வொரு குழுவும் மூன்றுக்கும் மாறி மாறிப் போகும். 30 பேரைப் பத்துப் பத்தாகப் பிரி. உன்னிடம் பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிக்கட்டு: 52-இல் 27 போக, ஒரு கட்டை அவிழ்த்து 12 உதிரியாக்கி 7 எடுப்பது. அவரிடம் அதே கணக்கு நோட்டில். மூன்றாவது குழுவுக்கு ஆசிரியர் இல்லை. அங்கே நன்றாகத் தெரிந்த கூட்டல் அட்டைகளை மட்டும் வை. புதிதாக எதையாவது வைத்தால் சந்தேகம் கேட்க எழுந்து வருவார்கள், மற்ற இரண்டு இடமும் குலையும். குச்சியைத் தொடாமலே நோட்டுக்குப் போகும் குழு தடுமாறும். அதனால் முதல் நாளே முழு வகுப்புக்கும் குச்சியில் செய்து காட்டிவிடுங்கள். 45 நிமிடப் பாடவேளையில் அறிமுகத்துக்கு 3, நிலையத்துக்கு 12 வீதம் 36, இடம் மாற 2, முடிவில் சரிபார்க்க 4.

முக்கியமாக, வழிமுறை ஒன்றாக இருக்கட்டும். அதே 52-இல் 27 போகும் கணக்கில் நீ மேலே உள்ள 5-ஐ அடித்து 4 ஆக்க, அவர் கீழே உள்ள 2-ஐ 3 ஆக்கினால், இரண்டும் சரிதான். ஆனால் பிள்ளை இரண்டையும் சேர்த்துச் செய்து 25-க்குப் பதில் 15 என்று எழுதும்.

பின்தங்கியவர்களைத் தனியே உட்கார வைப்பதும் உதவும், பத்து நிமிடம் போதும். எப்போதும் அதே நான்கு பேரையே கூப்பிடாதே, பட்டம் ஒட்டிக்கொள்ளும். முந்தி முடித்தவர்களையும் சிலநாள் கூப்பிடு. புதுப் பாடம் நடக்கும் நேரத்தில் மட்டும் யாரையும் பிரிக்க வேண்டாம்.

வெளியே போக அனுமதி, தாமதம், வீட்டுப்பாடம் இவற்றில் இருவருக்கும் ஒரே விதி வேண்டும். நீ மறுத்ததை அவரிடம் போய் வாங்கிவிடுவார்கள், கெட்டிக்காரர்கள்! வெள்ளிக்கிழமை மாலை இருபது நிமிடம் சேர்ந்து உட்கார்ந்து, பாடக்குறிப்பில் 'நான்', 'நீங்கள்' என்று இரண்டு பத்தி போட்டு எழுதுங்கள். ஒரு பத்தி காலியாக இருந்தால் அந்தப் பாடத்தைத் திரும்பத் திட்டமிடுங்கள்.

எதிரெதிர்ச் சுவரில் இரண்டு கரும்பலகை உண்டா? எழுது. இருந்தால் வகுப்பைப் பாதியாக்கி, ஒரே பாடத்தை ஒரே நேரத்தில் இருவரும் நடத்தும் முறையைப் பற்றியும் விவரமாக எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் தோழி