உரிமம் கையில், வேலை வரிசையில்: டிஜிசிஏ-வுக்கு ஒரு திறந்த மடல்

சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்கும், விமானி உரிமம் வழங்கும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் (டிஜிசிஏ) தலைமை இயக்குநருக்கும்,

வணக்கம். 2022-இல் 1,165 பேருக்கும் 2023-இல் 1,622 பேருக்கும் வணிக விமானி உரிமம் வழங்கினீர்கள். நாட்டுக்கு ஆயிரக்கணக்கில் விமானிகள் தேவை என்ற அறிவிப்பும் ஓயாமல் வருகிறது. அதை நம்பித்தான் பெற்றோர் வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கிறார்கள். ஆனால் விமான நிறுவனங்கள் அதிகம் தேடுவது கமாண்டர்களை, அதாவது விமானத்துக்குத் தலைமை ஏற்கும் விமானிகளை. அதற்கான ஏடிபிஎல் (விமான நிறுவன விமானி) உரிமத்துக்கு 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். வணிக உரிமத்துக்குத் தேவையான 200 மணி நேரத்தோடு வெளியே வரும் பிள்ளை அந்தத் தட்டுப்பாட்டை நிரப்ப முடியாது. இந்த வேறுபாட்டை அறிவிப்போடு சேர்த்தே சொல்லியிருக்க வேண்டியவர்கள் நீங்கள்.

முதலில் பயிற்சிக் காலத்தைப் பாருங்கள். மாதம் 20 மணி பறந்தால் 200 மணி பத்து மாதத்தில் முடியும். மாதம் 8 மணி என்றால் 25 மாதம். இந்த வித்தியாசத்துக்குப் பெரும்பாலும் மாணவரின் திறமை காரணமல்ல. செஸ்னா 172 என்ற சிறு பயிற்சி விமானம் ஒன்று மாதத்துக்கு 80 மணி பறந்தால், நான்கு பேருக்குத்தான் தலைக்கு 20 மணி கிடைக்கும். அதே விமானத்தை நம்பிப் பத்துப் பேரைச் சேர்த்தால் தலைக்கு 8 மணிதான். 100 மணி பறந்ததும் செய்யும் ஆய்வுக்கு விமானம் ஹேங்கருக்குப் போய், ஓர் உதிரிபாகம் வராமல் நின்றுவிட்டால் அதுவும் இல்லை. வடக்கே டிசம்பர், ஜனவரியில் மூடுபனி; மற்ற இடங்களில் மழைக்காலம். இரவுப் பறத்தலுக்கு 5 மணி நேரம்தான் தேவை, ஆனால் மாலையோடு கட்டுப்பாட்டுக் கோபுரம் மூடும் விமான நிலையத்தில் அந்த ஐந்து மணி நேரத்துக்கே மாதக்கணக்கில் காத்திருக்க நேர்கிறது.

இதற்கு நடுவே உங்கள் விதி ஒன்று மாணவரின் பணத்தைக் கரைக்கிறது. பகல், இரவுப் பறத்தல் தேர்வுகளும், பகலில் 250 கடல்மைல், இரவில் 120 கடல்மைல் தொலைப்பறப்புத் தேர்வுகளும் விண்ணப்பத் தேதிக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் முடிந்திருக்க வேண்டும். கடைசி ஆறு மாதத்தில் 15 மணி பறந்திருக்கவும் வேண்டும். வானொலித் தொடர்பு உரிமத் தேர்வோ ஓர் எழுத்துத் தாளோ தள்ளிப்போனால் போதும், எல்லா மணியையும் முடித்தவர்கூட மீண்டும் காசு கட்டி அதே தேர்வுகளைப் பறக்க வேண்டியிருக்கிறது. அவர் திறமை குறைந்துபோய்விட்டது என்று யாரும் சொல்லவில்லை. தேதி தாண்டிவிட்டது, அவ்வளவுதான். தேர்வு அட்டவணையும் விமானமும் மாணவர் கையில் இல்லாதபோது, தாமதத்தின் செலவை மட்டும் அவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. அந்த ஆறு மாதத்தைப் பன்னிரண்டாக்குங்கள்.

உரிமம் வந்த பிறகும் செலவு நிற்பதில்லை. முதல் வகுப்பு மருத்துவச் சான்றையும் கருவிப் பறத்தல் தகுதியையும் (வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் தகுதி) ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். வேலைக்கு அழைப்பு வரும் நாளில் இரண்டும் உயிரோடு இருந்தாக வேண்டும் என்பதால், இரட்டை என்ஜின் விமானத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கிறார்கள். சம்பளமே இல்லாதவருக்கு இது ஆண்டுச் சந்தா மாதிரி.

இப்போது கடனுக்கு வருவோம். 50 லட்சம் கடன், 11 விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். தவணை தொடங்குமுன் இரண்டு ஆண்டுத் தனிவட்டி சேர்ந்தால் 61 லட்சம். 15 ஆண்டில் அடைக்க மாதம் 69,000 ரூபாய்க்கு மேல். கல்விக்கடன் மாதிரித் திட்டத்தில் படிப்பு முடிந்து ஓராண்டு வரைதான் தவணை விலக்கு. வேலை கிடைக்காவிட்டால், தவணை ஓய்வுபெறும் வயதில் இருக்கும் அப்பாவின் கணக்கிலிருந்து போகிறது.

டைப் ரேட்டிங், அதாவது குறிப்பிட்ட ஒரு விமான வகையை ஓட்டுவதற்கான தகுதி, எல்லாவற்றையும்விடக் கொடுமை. ஏர்பஸ் ஏ320-ஆ, போயிங் 737-ஆ என்று வேலை உறுதியாகும் முன்பே தேர்ந்து, கையிலிருந்து இன்னொரு 15 லட்சமோ அதற்கு மேலோ போட வேண்டும். 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றது. 2023 மே 3 அன்று ஏ320 பறத்திய கோ ஃபர்ஸ்ட் நின்றது. அந்த விமானங்களில் நூற்றுக்கணக்கான மணி அனுபவம் உள்ள துணை விமானிகள் அதே வரிசையில் வந்து நின்றார்கள். சிமுலேட்டர் மட்டுமே பார்த்த புதியவர் அவர்களோடு எப்படிப் போட்டியிடுவார்? ஆறு மாதம், ஒரு வருடம் என்று சும்மா இருந்தால் அந்தத் தகுதியும் காலாவதியாகி, மறுபடி சிமுலேட்டர் கட்டணம். விமானத்தின் வகையைத் தீர்மானிப்பது நிறுவனம். ஆகவே அந்தப் பயிற்சிச் செலவை நிறுவனமே ஏற்று, நியாயமான கால ஒப்பந்தம் போட்டுக்கொள்ளட்டும். வேலை ஆணை இல்லாதவரிடம் டைப் ரேட்டிங் கேட்கும் விளம்பரங்களுக்கு நீங்கள் கட்டுப்பாடு கொண்டுவர வேண்டும். துணை விமானி விலக ஆறு மாதம் முன்னறிவிப்பு தர வேண்டும் என்று 2017-இல் விதி செய்தவர்களால் இதையும் செய்ய முடியும்.

பயிற்சிப் பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தத் தொடங்கியிருக்கிறீர்கள். நல்லது. ஆனால் தரத்தைக் குறிக்கும் ஓர் எழுத்தைப் பார்த்துப் பெற்றோர் முடிவெடுக்க முடியாது. இந்த மாதம் எத்தனை விமானங்கள் பறக்கும் நிலையில் இருந்தன, எத்தனை மாணவர்கள், ஒருவர் சராசரியாக எத்தனை மணி பறந்தார், சேர்ந்த நாளிலிருந்து உரிமம் வர எத்தனை மாதம் ஆனது என்ற நான்கு எண்களைப் பள்ளிவாரியாக மாதந்தோறும் வெளியிடுங்கள். பறந்த மணிகளின் கணக்குப் புத்தகம் ஏற்கெனவே உங்கள் ஆய்வுக்கு வருவதுதான்.

முழுக் கட்டணத்தையும் முதலிலேயே வாங்கும் வழக்கத்தை நிறுத்துங்கள். அடுத்த 25 மணி நேரப் பறத்தலுக்கு மேல் முன்பணம் கூடாது என்று விதி வந்தால், விமானம் இல்லாத பள்ளிக்கு மாணவரைச் சேர்க்கும் ஆசை தானாகவே குறையும். வங்கிகளோடு பேச வேண்டியது நிதி அமைச்சகத்தின் பங்கு. தவணை விலக்கை முதல் வேலை வரை, அதிகபட்சம் மூன்று ஆண்டு என்று நீட்டக் கேட்டு நீங்கள் எழுதும் ஒரு கடிதத்துக்கு எங்கள் நூறு மடல்களைவிட மதிப்பு அதிகம்.

கடைசியாக ஒன்று. ஒவ்வொரு நிறுவனமும் டைப் ரேட்டிங் இல்லாத புதிய விமானிகளை அந்த ஆண்டில் எத்தனை பேர் எடுத்தது என்ற எண்ணை, நீங்கள் வழங்கிய உரிமங்களின் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள். அடுத்த சேர்க்கைக்கு முன்பே வேண்டும்.

இப்படிக்கு,
பறத்தல் பயிற்றுநர்கள் சிலர்