உரிமம் பெற்றவர் யார் என்று முதலில் சொல்லுங்கள்

மின் உரிமம் வழங்கும் அதிகாரிகளுக்கும், மின் ஆய்வுத் துறையினருக்கும், மின்வாரியப் பிரிவு அலுவலகங்களை நிர்வகிக்கும் பெரியவர்களுக்கும்,

வணக்கம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் வழக்கமாக வரும் மின் பாதுகாப்பு அறிவிப்பை இந்த முறையும் படித்தேன். ஈரக் கையால் சுவிட்சைத் தொடாதீர்கள், மின்கம்பத்தில் ஆடு மாடு கட்டாதீர்கள், ஸ்டே கம்பியில் துணி காயப்போடாதீர்கள். எல்லாம் வேண்டிய அறிவுரைதான். கூடவே ஒரு வரி இருந்தது: வீட்டு வயரிங் வேலைகளை அரசு உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் மூலம் மட்டுமே செய்ய வேண்டும். சரி, செய்கிறோம். அந்த உரிமம் பெற்றவர் எங்கள் ஊரில் யார், அவர் வீடு எங்கே இருக்கிறது என்பதையும் அதே மூச்சில் சொல்லியிருக்கலாமே?

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். ஒவ்வொரு பிரிவு அலுவலக வாசலிலும், அந்தப் பகுதியில் வேலை செய்யும் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்கள், தகுதிச் சான்று பெற்ற மின்கம்பியாளர்கள் ஆகியோரின் பட்டியலைத் தமிழில் எழுதி வையுங்கள். பெயர், சான்று எண், அது எந்தத் தேதி வரை செல்லும், கூப்பிட ஒரு தொலைபேசி எண். அவ்வளவுதான். கடைசிவரை படிக்க நேரமில்லாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொண்டு பலகைக்கு ஏற்பாடு செய்தால் மிக்க மகிழ்ச்சி.

நேரமிருப்பவர்களுக்கு எங்கள் வீட்டுக் கதை.

தஞ்சாவூர் பக்கம் எங்கள் வீடு, தொண்ணூறுகளில் கட்டியது. அன்றைக்கு வீட்டுக்கு வேண்டியது டியூப் லைட், ஃபேன், ஒரு டி.வி., ஒரு கிரைண்டர். பிற்பாடு கீசர் வந்தது, வாஷிங் மெஷின் வந்தது. போன கோடையில் அம்மாவின் அறைக்கு ஏ.சி. போடலாம் என்று முடிவானது. பீங்கான் ஃபியூஸ் கேரியர்களோடு இருந்த பழைய மெயின் போர்டு இதையெல்லாம் தாங்காது என்பது எங்களுக்கே தெரிந்தது. எலக்ட்ரிக்கல் கடையில் விசாரித்தோம். கடைக்காரர் ஒரு நம்பர் கொடுத்தார். எங்கள் ஊரில் எலக்ட்ரீசியன் கிடைக்கும் வழி இது ஒன்றுதான். அவர் எழுதித் தரும் சாமான் பட்டியலில் கடைக்காரருக்கு லாபம், கடைக்காரர் தரும் கமிஷனில் அவருக்கு லாபம். இதில் சான்றிதழ் எங்கே வரும்?

வந்தவர் கெட்டிக்காரராகத்தான் தெரிந்தார். புதுப் பெட்டி வைத்தார். ஒவ்வொரு லைனுக்கும், சுமை மிஞ்சினால் தானே அணைந்துவிடும் சுவிட்சான எம்.சி.பி. போட்டார். ஏ.சி.க்கு 4 சதுர மில்லிமீட்டர் வயர் தனியாக இழுத்தார். உயிர்காக்கும் சாதனம் என்று நீங்களே அறிவிப்புகளில் சொல்லும் ஆர்.சி.சி.பி.யும் ஒன்று மாட்டினார். போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் சமமாக இல்லாவிட்டால், 30 மில்லி ஆம்பியர் வித்தியாசத்திலேயே இணைப்பைத் துண்டித்துவிடும் சாதனம் அது. உங்களுக்குத் தெரியாததா?

மறுநாளிலிருந்து வீடு அடிக்கடி இருண்டது. பெட்டிக்குப் போய் ஆர்.சி.சி.பி.யின் சுவிட்ச் நெம்பை மேலே தள்ளினால் சற்று நேரம் நிற்கும், மறுபடி விழும். போன் செய்தால் 'அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன் சார்'. அந்த அஞ்சு நிமிஷம் எத்தனை நாள் என்பது வீட்டு வேலைக்கு ஆள் தேடிய எல்லோருக்கும் தெரியும். ஒருவழியாக வந்தார். பெட்டியைத் திறந்தார், ஏதோ செய்தார், மூடினார்.

"டிவைஸ் கொஞ்சம் சென்சிட்டிவ் சார். சரி பண்ணிட்டேன். இனிமே டிரிப் ஆகாது."

ஆகவில்லை. அந்த வாக்கை அவர் காப்பாற்றினார்.

ஐப்பசி மழையில் ஒருநாள் காலை, அம்மா குளியலறைக் குழாயைத் திறக்கக் கை வைத்ததும் ஷாக் அடித்துப் பின்னால் விழுந்தார். மணிக்கட்டு எலும்பில் விரிசல். தலை சுவரில் படவில்லை என்பதால்தான் இவ்வளவு நிதானமாக இதை எழுத முடிகிறது.

உறவினர் ஒருவர் மூலமாக, தகுதிச் சான்று பெற்ற ஒரு பெரியவரைத் தேடிப் பிடித்தோம். வீட்டைச் சுற்றி வந்து, கசியும் மின்சாரத்தைத் தரைக்குள் இறக்கும் எர்த் குழி எங்கே என்று கேட்டு, அங்கிருந்து வரும் கம்பி எதுவரை போகிறது என்று பார்த்த பிறகே பெட்டியைத் திறந்தார். ஆர்.சி.சி.பி. தன் இடத்தில் இருந்தது. நெம்பு மேலே இருந்தது. ஆனால் அதன் வழியாக எதுவும் ஓடவில்லை. மின்சாரம் வரும் பேஸ் கம்பியும் அது திரும்பும் நியூட்ரல் கம்பியும் அதைச் சுற்றிக்கொண்டு நேரே போயின. வாசலில் கட்டிய திருஷ்டிப் பூசணி மாதிரி அது பெட்டிக்குள் சும்மா உட்கார்ந்திருந்தது.

அது ஏன் விழுந்துகொண்டே இருந்தது என்பதையும் அவரே கண்டுபிடித்தார். கீசர் மாட்டும் 16 ஆம்ப் பிளக் பாயின்டுக்கு எர்த் கம்பியே வரவில்லை. முன்பு எப்போதோ, யாரோ ஒருவர், எர்த் துவாரத்தையும் நியூட்ரலையும் ஒரு துண்டு வயரால் இணைத்து லூப் அடித்துவிட்டுப் போயிருக்கிறார். கீசரின் உடம்பு, ஜி.ஐ. இரும்புக் குழாய், ஈரச் சுவர் என்று நியூட்ரல் மின்சாரத்தில் ஒரு பங்கு தரைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆர்.சி.சி.பி. அதைத்தான் சரியாகப் பிடித்துத் துண்டித்திருக்கிறது. பிடித்துக் கொடுத்த காவல்காரனின் வாயைக் கட்டிவிட்டார் நம் ஆள். அப்புறம் சுவிட்ச் போர்டில் நியூட்ரல் முனை சூட்டில் கருகித் தளர்ந்தது. திரும்பிப் போக வழியில்லாத மின்சாரம் அந்தத் துண்டு வயர் வழியாகக் கீசரின் உடம்புக்கு வந்து, குழாயில் ஏறியது.

"எல்லா வீட்லயும் இப்படித்தான் சார் லூப் அடிச்சு வெச்சிருக்காங்க" என்றார் பெரியவர். அந்த ஒரு சொல்லை மட்டும் நீங்கள் கவனிக்க வேண்டும்: எல்லா வீட்டிலும்.

அறிவிப்பில் உள்ள வரியின் பின்னால் சட்டம் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை, இணைப்பின் திறனோ தன்மையோ மாறாமல் மாற்றுவதற்கு மட்டுமே விலக்கு. அதற்கு மேல் எந்த வேலையும் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர், தகுதிச் சான்று பெற்றவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டும். 1956ஆம் ஆண்டு விதிகளிலேயே 45ஆவது விதியாக இது இருந்தது. பிறகு மத்திய மின்சார ஆணையத்தின் 2010 ஒழுங்குமுறைகளிலும் வந்தது. ஆக, என் வயதை ஒத்த பலர் பிறப்பதற்கு முன்பிருந்தே ஏ.சி. லைன் இழுப்பவரிடம் சான்று இருக்க வேண்டும். எங்கள் தெருவில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். "எலக்ட்ரீசியனுக்கு லைசென்ஸா? வண்டி ஓட்டத்தானே லைசென்ஸ்?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர்.

உரிமம் பெற்றவர்கள் முற்றிலும் கண்ணில் படாதவர்கள் என்றும் சொல்ல முடியாது. புது இணைப்புக்கு விண்ணப்பிக்கும்போது அவர்களுடைய கையெழுத்தும் முத்திரையும் பளிச்சென்று வந்து நிற்கும். வீடு கட்டிய யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்: அந்தக் கையெழுத்துக்காரரைப் பார்த்தீர்களா, அவர் உங்கள் வீட்டுப் படி ஏறினாரா என்று. ஆள் வராமல் முத்திரை மட்டும் வரும் அதிசயம் எத்தனை வீடுகளில் நடந்திருக்கிறது என்பது அப்போது தெரியும்.

2010இல் மின்வாரியம் டான்ஜெட்கோ, டான்டிரான்ஸ்கோ என்று இரண்டு நிறுவனங்களாக ஆனது. 2024இல் டான்ஜெட்கோவும் பிரிந்து வேறு பெயர்கள் வந்தன. நாங்கள் இன்னும் 'ஈ.பி. ஆபீஸ்' என்றுதான் சொல்கிறோம் என்றாலும், வாசலில் பெயர்ப் பலகைகளை அவ்வப்போது மாற்றி எழுத ஆளும் பெயின்டும் கிடைக்கத்தான் செய்கிறது. அதே ஆளை இன்னும் அரை நாள் இருக்கச் சொன்னால் பக்கத்துச் சுவரில் ஒரு பட்டியலையும் எழுதிவிட்டுப் போவார்.

மன்னிக்கவும். கேட்க வந்த இடத்தில் கேலி பேசுவது முறையில்லை. தயவுசெய்து, அந்தப் பட்டியலை வையுங்கள்.

வேலை செய்பவர்கள் பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தவரைத் திட்டித் தீர்த்துவிட்டேன். ஆனால் அவருக்கு ஆர்.சி.சி.பி. ஏன் விழுகிறது என்று யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, ஒரு மேஸ்திரி பின்னால் டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவர். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் பிரிவில் இரண்டு ஆண்டு படிக்கிற வாய்ப்பு எல்லோருக்கும் அமையாது. அப்படிப்பட்டவர்களுக்காகவே மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு இருக்கிறது. 21 வயதும் 5 ஆண்டு வேலை அனுபவமும் இருந்தால் எழுதலாம், அரசு ஐ.டி.ஐ.களில் நடக்கிறது. நல்ல ஏற்பாடு. நாளிதழின் உள்பக்கத்தில் மாவட்டச் செய்திகளுக்கு நடுவே அதன் அறிவிப்பு வரும்போது, கம்பத்திலும் பரணிலும் வேலை செய்துகொண்டிருப்பவர் எங்கே பார்ப்பார்? அதையும் எலக்ட்ரிக்கல் கடைகளில் ஒட்டச் சொல்லுங்கள். தேர்வு எழுதினால் பட்டியலில் பெயர் வரும், பெயர் வந்தால் வேலை வரும் என்று தெரிந்தால் அவர்களே வரிசையில் நிற்பார்கள். இன்றைக்குச் சான்று வைத்திருப்பவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே கூலி. அந்தப் பெரியவர் தன் சான்றிதழைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டியபோது, "யாரும் கேட்டதில்லை தம்பி, நானாத்தான் காட்டுறேன்" என்றார்.

நாடு முழுவதும் ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மின்சாரம் தாக்கி இறப்பதாக அண்மை ஆண்டுகளின் தேசியக் குற்ற ஆவணக் காப்பக அறிக்கைகள் சொல்கின்றன. அதில் அறுந்து விழுந்த கம்பியும் உண்டு, வயல் மோட்டாரும் உண்டு, குளியலறைக் குழாயும் உண்டு. மீட்டர் வரைதான் உங்கள் பொறுப்பு, அதற்குப் பின்னால் வீட்டுக்காரர் பொறுப்பு என்பது விதி. ஒப்புக்கொள்கிறேன். என் பொறுப்பை நான் நிறைவேற்றுவதற்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்ற தகவல் உங்களிடம் இருக்கிறது. சான்று கொடுத்தவர்கள் நீங்கள்.

ஆகவே மறுபடியும் அதே கோரிக்கை. பிரிவு அலுவலக வாசலில் பட்டியல். முடிந்தால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கட்டணத் தொகையைத் தவறாமல் சொல்லும் அந்தக் குறுஞ்செய்தியில், பட்டியல் எங்கே இருக்கிறது என்று ஒரு வரி. உங்கள் நுகர்வோர் சேவை மையமான மின்னகத்துக்குப் போன் செய்து கேட்டாலும் எங்கள் பகுதியில் சான்று பெற்றவர் பெயர் கிடைக்க வேண்டும். புது லைன் இழுத்தவர் தன் சான்று எண்ணை எழுதிக் கையெழுத்திட்ட ஒரு சீட்டை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்றும் ஒரு வழக்கத்தைக் கொண்டுவாருங்கள். நாளை இன்னொருவர் பெட்டியைத் திறக்கும்போது 'முன்பு எப்போதோ, யாரோ ஒருவர்' என்று சொல்லும்படி இருக்கக்கூடாது.

பலகைக்கு நிதி ஒதுக்கீடு இல்லை என்றால் சொல்லுங்கள். எங்கள் தெருக்காரர்கள் செலவைப் பகிர்ந்துகொள்ளத் தயாராக இருக்கிறோம். பெயர்களை மட்டும் நீங்கள் தந்தால் போதும்.

இப்படிக்கு,
வீட்டு மின் இணைப்புதாரர் ஒருவர்,
தஞ்சாவூர் மாவட்டம்.