பேய் இருக்கட்டும், வீட்டைப் பார்

கோவில்பட்டி

அன்புள்ள ஜெயந்தி,

உன் கடிதம் வந்தது. தளத்துக்குக் கான்கிரீட் போட்ட அன்று நீயும் அண்ணனும் தார்ப்பாயைக் கையில் வைத்துக்கொண்டு வானத்தையே பார்த்து நின்றதைப் படித்துச் சிரித்துவிட்டேன். வீட்டைக் கட்டிப் பார் என்று சும்மாவா சொன்னார்கள். இங்கே எல்லாரும் நலம். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் கட்டுக்குள் இல்லை. பானு பெங்களூரிலேயே இருக்கிறாள். வரும்போதெல்லாம் என் டிவியில் எதையாவது புதிதாகப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறாள். அவள்தான் உன்னிடம் கோள் மூட்டியிருக்கிறாள் என்று தெரிகிறது.

"ராமாயணம் படிக்கிற வயசுல ராத்திரி ஒத்தையில உட்கார்ந்து ஜப்பான் பேய், தாய்லாந்து பேய்னு பார்க்கிறியாமே, உனக்கு என்னடி ஆச்சு?" என்று கேட்டிருக்கிறாய். ஒன்றும் ஆகவில்லை. ராமாயணமும் படிக்கிறேன். ஆனால் நீ கேட்ட பிறகுதான், எனக்கு இந்தப் படங்களில் என்ன பிடிக்கிறது என்று நானே யோசித்துப் பார்த்தேன். பேய் இல்லை. பேய்கள் எல்லா ஊரிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கின்றன, அதே விரித்த தலைமுடி, அதே தீராத கோபம். எனக்குப் பிடித்தது அந்த வீடுகள்.

மற்றப் படங்களில் வீடு என்பது பின்னால் இருக்கும் ஒரு சுவர், அவ்வளவுதான். யாராவது அடுப்பில் பாலை வைத்ததும் கேமரா ஹாலுக்குப் போய்விடும். பேய்ப்படத்தில் அப்படி முடியாது. கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குள், பரண்மேல், குளியலறைத் திரைக்குப் பின்னால் என்று ஒரு மூலை விடாமல் கூட்டிக்கொண்டு போவார்கள். வீடு நமக்குப் பழகினால்தானே அதில் எது மாறியிருக்கிறது என்று தெரியும்? நான் பாஸ்போர்ட்டே எடுக்காதவள். தோக்கியோவில் ஒரு சின்ன ஃபிளாட்டில் செருப்பை எங்கே கழற்றி விடுவார்கள், படுக்கையைப் பகலில் எங்கே சுருட்டி வைப்பார்கள் என்றெல்லாம் எனக்குத் தெரியும் என்றால் அது இந்தப் படங்களால்தான்.

'டார்க் வாட்டர்' என்று ஒரு ஜப்பானியப் படம், 2002இல் வந்தது. 'ரிங்கு' எடுத்த ஹிடெயோ நகாட்டாதான் இயக்குநர். டிவிக்குள்ளிருந்து பெண் ஊர்ந்து வருவாளே, அந்தப் படம். அதை உலகமே பார்த்துவிட்டது. எனக்கென்னவோ அதைவிட இதுதான் பெரிய படமாகத் தெரிகிறது. விவாகரத்து நடந்துகொண்டிருக்கும் ஒரு அம்மா, சின்ன மகளோடு பழைய அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவருகிறாள். மகள் யாரிடம் இருப்பது என்று வழக்கு. நல்ல வீடு, நிலையான வேலை என்று காட்டினால்தான் பிள்ளை இவளிடம் நிற்கும். அந்த நேரம் பார்த்துப் படுக்கையறைக் கூரையில் ஈரம் காண்கிறது. முதலில் தட்டு அளவு. அப்புறம் நாளுக்கு நாள் படர்ந்து, கறுத்து, சொட்டத் தொடங்குகிறது. கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரிடம் சொன்னால், பார்க்கலாம் பார்க்கலாம் என்கிறார். மாடி வீட்டில் ஆளே இல்லை. குழாயைத் திறந்தால் தண்ணீரோடு நீளமாக ஒரு முடி வருகிறது.

இதில் பேய் எங்கே என்று கேட்பாய். கடைசியில்தான் வரும். அதற்கு முன்னால் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக என்னைப் பயமுறுத்தியது அந்தக் கூரைக் கறைதான். வாடகை வீட்டில் ஒழுகலோடு குடியிருந்தவர்களுக்கு அது புரியும். வக்கீலைப் பார்க்கப் போக வேண்டும், பிள்ளையைப் பள்ளியிலிருந்து நேரத்துக்குக் கூட்டி வர வேண்டும், வேலைக்கான நேர்முகத் தேர்வு இழுத்துக்கொண்டே போகிறது, இவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். அந்த இடத்தில் எனக்கு வேர்த்துவிட்டது, பேயே இல்லாமல். 2005இல் இதையே அமெரிக்காவில் நியூயார்க்கில் நடப்பதாகத் திரும்ப எடுத்தார்கள். நன்றாகத்தான் எடுத்திருக்கிறார்கள், நல்ல நடிகர்கள். ஆனால் அந்த வீடு என்னிடம் ஒட்டவில்லை. இன்னொன்றும் சொல்லி வைக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே: மொட்டைமாடியில் வைக்கப்போகும் தண்ணீர்த் தொட்டிக்கு நல்ல மூடியாகப் பார்த்து வாங்கு. காரணம் படத்தைப் பார்த்தால் தெரியும்.

ஜப்பான்காரர்களின் 'ஜூ-ஆன்' படத்திலும் ஒரு இடம். ஒரு பெண் பயந்தடித்துத் தன் ஃபிளாட்டுக்கு ஓடி வந்து, கதவைச் சாத்தி, கட்டிலில் ஏறிப் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொள்வாள். சின்ன வயதில் நாமெல்லாரும் செய்ததுதானே? போர்வைக்குள் வந்துவிட்டால் எதுவும் அண்டாது என்பது உலகம் முழுக்கப் பிள்ளைகள் நம்பும் சட்டம். ஆனால் அங்கே பேய் அந்தப் போர்வைக்குள்தான் இருக்கும். அன்று நான் போர்வை இல்லாமல் தூங்கினேன்.

தாய்லாந்துக்கு வருகிறேன். அங்கே மே நாக் என்ற ஒரு பேயைத் தெரியாதவர்களே கிடையாது. புருஷன் மாக் சண்டைக்குப் போயிருக்கும்போது அவள் பிரசவத்தில் இறந்துபோகிறாள், பிள்ளையும் இறந்துவிடுகிறது. அவன் திரும்பி வந்தால் வீட்டில் மனைவியும் பிள்ளையும் இருக்கிறார்கள்! ஊரே ஒதுங்கி ஓடுகிறது, இவனுக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. வாய்க்கால் கரையில் கால்கள்மேல் நிற்கும் மரவீடு, தரைப்பலகைகளுக்கு இடையே சந்து. ஒருநாள் அவள் சமைத்துக்கொண்டிருக்கும்போது எலுமிச்சம்பழம் ஒன்று கைதவறிச் சந்து வழியாகக் கீழே மண்ணில் விழுந்துவிடும். எழுந்து படியிறங்கிப் போக அவளுக்கு அலுப்பு. உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டுவாள். கை நீண்டுகொண்டே போய்த் தரையைத் தொட்டுப் பழத்தை எடுக்கும். பார்த்த மாக்குக்கு அப்போதுதான் விஷயம் உறைக்கும்.

ஜெயந்தி, எத்தனை நாள் சமையலறையில் அப்படி ஒரு கை இருந்தால் தேவலை என்று நினைத்திருப்போம்! இந்தக் கதையை அவர்கள் எத்தனையோ தடவை எடுத்திருக்கிறார்கள். 1999இல் வந்த 'நாங் நாக்' அழ வைக்கும். 2013இல் வந்த 'பீ மாக்' அதே கதையை வயிறு வலிக்கச் சிரிக்கும்படி எடுத்தது, அங்கே வசூலில் சாதனை படைத்தது. பாங்காக்கில் மஹாபுத் கோயிலில் அவளுக்குச் சன்னதியே இருக்கிறது. பட்டுப் புடவை சாத்துவது போல நல்ல நல்ல உடைகளாகக் கொண்டுவந்து வைக்கிறார்கள், பிள்ளைக்குப் பொம்மைகள் வைக்கிறார்கள், அவளுக்குப் பொழுது போக டிவி வைத்திருக்கிறார்கள். லாட்டரி எண் கேட்டு ஒரு கூட்டம் வருகிறது. ராணுவத்துக்கு ஆளெடுக்கும் குலுக்கலில் தான் சிக்கக்கூடாது என்று வேண்டிக்கொள்ளும் பையன்களும் வருகிறார்கள். புருஷனைச் சண்டைக்குக் கொடுத்தவளுக்குத்தானே அந்த வேண்டுதல் புரியும். நம் ஊரில் அகாலத்தில் இறந்த பெண்ணுக்குப் பீடம் போட்டுப் படையல் வைக்கிறோமே, அதற்கு இது ரொம்பத் தூரமில்லை.

இதே தாய்லாந்தின் 'ஷட்டர்' நம் தமிழிலும் 'சிவி' என்று வந்தது, நினைவிருக்கிறதா? எடுக்கிற புகைப்படத்தில் எல்லாம் ஏதோ நிழல் விழும், புகைப்படக்காரனுக்குக் கழுத்துவலி தீரவே தீராது. ஏன் வலிக்கிறது என்பதைச் சொல்ல மாட்டேன்.

சரி, அண்ணனுக்கு அரசியல், யுத்தம் என்றால்தானே பிடிக்கும், அவருக்கு ஒன்று சொல்கிறேன். 'அண்டர் த ஷேடோ', 2016. பாரசீக மொழிப் படம். இயக்குநர் பாபக் அன்வரி டெஹ்ரானில் பிறந்தவர், ஈரான் ஈராக் யுத்தத்தின்போது குழந்தை. அந்த யுத்தத்தில், எண்பதுகளின் டெஹ்ரானில், ஒரு ஃபிளாட்டில்தான் கதை. கண்ணாடி சிதறக் கூடாதென்று ஜன்னல்களில் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டியிருக்கிறது. சைரன் ஊதினால் மொத்தக் குடித்தனமும் அடித்தளத்துக்கு ஓட வேண்டும். ஷிதே என்கிற அந்தப் பெண் மருத்துவம் படித்தவள். மாணவப் பருவத்து அரசியலைக் காட்டி, இனிப் படிக்க முடியாது என்று அனுப்பிவிடுகிறார்கள். டாக்டர் புருஷன் போர்முனைக்குப் போய்விடுகிறான். திரையை இழுத்து மூடிவிட்டு, வைத்திருக்கக் கூடாத வீடியோ பிளேயரில் ஜேன் ஃபோண்டாவின் உடற்பயிற்சி கேசட்டைப் போட்டு அவள் குதித்துக் குதித்து வேர்க்கிற காட்சி இருக்கிறதே, அவள் வாழ்க்கையில் மிச்சமிருக்கும் சுதந்திரம் முழுவதும் அந்தக் கம்பள அளவுதான்.

ஒருநாள் மேல்மாடியில் ஏவுகணை வந்து விழுகிறது. வெடிக்கவில்லை, கூரையில் செருகிக்கொண்டு நிற்கிறது. கீழே இவள் வீட்டுக் கூரையில் விரிசல். காற்றோடு ஜின்கள் என்கிற கெட்ட ஆவிகள் வந்துவிட்டன என்று அக்கம்பக்கம் பேசிக்கொள்கிறது. மகளின் பொம்மை காணாமல் போகிறது, மகளோ அது இல்லாமல் வீட்டைவிட்டு நகர மாட்டேன் என்கிறாள். ஒரு ராத்திரி பயம் தாங்காமல் ஷிதே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடுகிறாள். ரோந்து வண்டி நிற்கிறது. பேயிடமிருந்து காப்பாற்றவா? இல்லை, தலையில் முக்காடு இல்லை என்று பிடித்துக்கொண்டு போக. அந்தக் காட்சி முடிந்ததும் நான் நிறுத்திவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். உள்ளே இருந்தால் ஜின், வெளியே வந்தால் இவர்கள். அவள் எங்கேதான் போவாள்?

குவாத்தமாலாவின் 'லா யோரோனா'வும் (2019) இந்த வகைதான், ஆனால் அங்கே வீடு குற்றவாளியின் வீடு. மாயா இனமக்களைக் கொன்று குவித்த பழைய ராணுவத் தளபதிக்குத் தண்டனை விதித்து, பிறகு அதை ரத்து செய்துவிடுகிறார்கள். நிஜமாகவே 2013இல் ரியோஸ் மோந்த் வழக்கில் அப்படி நடந்தது. படத்தில் ஊரே அவர் பங்களாவைச் சூழ்ந்துகொண்டு ராவும் பகலும் கோஷம் போடுகிறது, வேலைக்காரர்கள் ஒவ்வொருவராக நின்றுவிடுகிறார்கள். அப்போது நீண்ட கரிய முடியோடு புதிய வேலைக்காரி ஒருத்தி வருகிறாள். திடுக்கிட வைக்கும் சத்தம் ஒன்றுகூட இல்லை. மெதுவான படம், பொறுமை வேண்டும்.

உனக்கு நிலை வைக்கப்போகிறார்கள் அல்லவா, அதற்காகவே சுவீடன் படம் ஒன்று: 'லெட் த ரைட் ஒன் இன்', 2008. ஸ்டாக்ஹோம் அருகே பிளாக்கபெர்க் என்ற குடியிருப்பு, எங்கே பார்த்தாலும் பனி. பள்ளியில் அடி வாங்கும் பையன், பக்கத்து ஃபிளாட்டுக்கு வந்திருக்கும் எலி என்கிற பிள்ளை. ரத்தம் குடிக்கிற ஜாதி. அந்த ஜாதிக்கு ஒரு விதி உண்டு, வா என்று அழைக்காமல் யார் வீட்டுப் படியையும் தாண்டக் கூடாது. பையன் விளையாட்டாக, கூப்பிடாவிட்டால் என்ன ஆகும் பார்க்கலாம் என்று வாசலில் நிறுத்திவிடுகிறான். எலி ஒன்றும் பேசாமல் உள்ளே வந்து நிற்கும். சில நொடிகள் ஒன்றுமில்லை. பிறகு கண்ணிலும் காதிலும் தலையிலுமிருந்து ரத்தம் கசியத் தொடங்கும். பையன் பதறி, "வா, நீ வரலாம்" என்று கட்டிப்பிடித்துக்கொள்வான். நிலைக்கு மஞ்சள் குங்குமம் வைத்து வாசலில் கோலம் போடுகிற நமக்கு வாசல் என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் நம் சினிமாவில் இப்படி ஒரு காட்சி வந்ததில்லை.

அதுதான் என் வருத்தம். தமிழ்ப் பேய் மட்டும் ஏன் எப்போதும் ஊருக்கு வெளியே பங்களாவிலேயே குடியிருக்கிறது? நம் ஆச்சிமார் சொன்ன பேயெல்லாம் கிணற்றடியிலும் கொல்லைப் புளியமரத்திலும் அல்லவா இருந்தது? சினிமாவுக்கு வந்ததும் அதற்கும் வசதி வந்துவிட்டது போல, கூடவே நாலு நகைச்சுவை நடிகர்களையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. ஒரு லைன் வீடு, பொதுக் குழாய், பொதுக் கக்கூஸ், இருட்டில் அதுவரை போய்வர வேண்டிய ஒரு பெண். இதை வைத்து எவ்வளவு எடுக்கலாம்!

எல்லா வெளிநாட்டுப் படமும் நல்ல படம் என்று நினைத்துக்கொள்ளாதே. ஸ்பெயின்காரர்களின் 'ரெக்' படத்தைப் பானு ஆகா ஓகோ என்றாள். கேமராவை ஆட்டி ஆட்டி எனக்குத் தலைசுற்றல்தான் மிச்சம். அறுப்பது வெட்டுவது உள்ள படங்கள் பக்கமே நான் போவதில்லை.

பார்க்கத் தொடங்கினால் 'பீ மாக்'கிலிருந்து தொடங்கு, அண்ணனும் உட்காரலாம். 'டார்க் வாட்டர்' அப்புறம், தனியாக. சப்டைட்டில் ஓடும்போது கண் கீழேயே இருக்கும், அந்த நேரம் மேலே என்னவோ கடந்து போய்விடும், அதனால் சந்தேகமாக இருந்தால் பின்னால் தள்ளிப் பார். ரொம்பப் பயந்தால் சத்தத்தைக் குறைத்துவிடு, பாதிப் பயம் சத்தத்தில்தான். டமால் என்று ஒரு இரைச்சல் போடாமல் பயமுறுத்தத் தெரிந்தவன்தான் நல்ல இயக்குநர் என்பது என் கணக்கு. பார்த்துவிட்டு உனக்கு எப்படி இருந்தது என்று மறக்காமல் எழுது. நன்றாக இல்லை என்றாலும் எழுது, சண்டை போடலாம்.

அன்புடன்,
கலா